இரண்டு அட்டைப்பெட்டி, நாலு பாட்டில் தண்ணீர்: வெயிலை வீட்டுக்குள் பிடித்து வைப்பது எப்படி?

மின்சாரச் செலவில்லாமல் கட்டடத்தைச் சூடாகவோ குளிர்ச்சியாகவோ வைப்பதைப் பல மாணவர்கள் முதலில் கணினித் திரையில்தான் பார்க்கிறார்கள். பெட்டியில் தொடங்குங்கள் என்பேன். மதியம் மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற அனல் மறக்காது.

பக்கத்துக்கு 40 செ.மீ. உள்ள அட்டைப்பெட்டி இரண்டு வேண்டும். உள்ளே எல்லாப் பக்கமும் 2.5 செ.மீ. தெர்மாகோல் ஒட்டுங்கள். ஒரு பக்கத்தில் 25 செ.மீ. சதுரமாக வெட்டிக் கண்ணாடி பொருத்தி, இடுக்குகளை டேப்பால் அடைத்துவிடுங்கள்.

ஒரு பெட்டி காலியாக இருக்கட்டும். மற்றதில், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் நான்கை கறுப்புத்தாள் சுற்றி நிறுத்துங்கள். ஸ்பிரே பெயிண்ட் வேண்டாம். அதிலுள்ள கரைப்பான் பட்டால் தெர்மாகோல் குழி விழுந்து கரையும். காலிப் பெட்டியிலும் அதே அளவு கறுப்புத்தாளை வையுங்கள், இல்லாவிட்டால் ஒப்பீடு நியாயமாக இருக்காது.

பூமியின் வட பாதியில் இருந்தால் கண்ணாடி தெற்கு பார்க்க வேண்டும், தென் பாதியில் வடக்கு. இரண்டு பெட்டிக்குள்ளும் ஒவ்வொரு வெப்பமானி வைத்து, அதன் மேல் நேர் வெயில் படாமல் ஓர் அட்டைத்துண்டை மறைப்பாக வையுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். காலை 8 முதல் இரவு 10 வரை அரை மணிக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வாருங்கள்.

காலிப் பெட்டி மளமளவென்று சூடேறும், வெயில் இறங்கியதும் அதே வேகத்தில் ஆறும். பாட்டில் பெட்டி மெதுவாக ஏறி, இருட்டிய பிறகும் வெதுவெதுப்பாக இருக்கும். காலிப் பெட்டிக்குள் உள்ள காற்றின் எடை சுமார் 50 கிராம்தான். அதனால் எவ்வளவு வெப்பத்தைத் தேக்கி வைக்க முடியும்? நான்கு லிட்டர் தண்ணீர் 10 டிகிரி ஏறினாலே சுமார் 167 கிலோஜூல் உள்ளே போய்விடும். பிரான்ஸின் ஓடேயோவில் 1967-இல் பொறியாளர் ஃபெலிக்ஸ் ட்ரோம்பும் கட்டடக்கலைஞர் ஜாக் மிஷெலும் கட்டிய வீட்டில், கண்ணாடிக்குப் பின்னால் நின்ற தடித்த கறுப்புச் சுவர் செய்ததும் இதே வேலைதான்.

சரி, கோடையில் இந்த வெயிலை எப்படித் தடுப்பது? சன்ஷேட்தான் வழி. வட அட்சரேகை 35-இல் உச்சி வெயில் ஜூனில் 78.5 டிகிரி உயரத்தில் நிற்கும், டிசம்பரில் 31.5 டிகிரிதான். கண்ணாடியின் மேல் விளிம்பில் 5 செ.மீ. அட்டையை நீட்டி, அந்தக் கோணங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஜூன் நிழல் 25 செ.மீ. கண்ணாடியை ஏறத்தாழ முழுவதும் மூடும். டிசம்பரில் 3 செ.மீ.தான் மூடும். அதே சன்ஷேட், எந்த விசையும் இல்லாமல் பருவம் பார்த்து வேலை செய்கிறது! உங்கள் ஊருக்கு 90-இலிருந்து அட்சரேகையைக் கழித்து, 23.5-ஐக் கூட்டியும் கழித்தும் கோணங்களைப் போட்டுக்கொள்ளுங்கள். கூட்டியது 90-ஐத் தாண்டினால், கோடை உச்சி வெயில் கண்ணாடியில் படாது என்று அர்த்தம்.

அப்புறம், உள்ளே தேங்கிய சூட்டை இரவில் வெளியேற்ற, பாட்டில் பெட்டியின் பின்சுவரில் கீழே ஒரு துளை, கண்ணாடிக்கு மேலே ஒரு துளை. பகலில் இரண்டையும் அடைத்துவிட்டு, வெளியே குளிர்ந்த பிறகு திறந்து, கீழ்த்துளையருகே ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை உள்ளே இழுபட்டு மேலே வெளியேறும். மறுநாள் சன்ஷேட்டோடு அதே அட்டவணையை மறுபடி எடுத்து, இரண்டு நாள் கோடுகளையும் ஒரே தாளில் வரையுங்கள்.