குதிரைவாலிய மூடையா விக்காம அரிசியா வித்து காசு பாக்குறது எப்படி: மதுரைப் பக்கத்து மகளிர் குழு அக்காமாருக்கு

டி.கல்லுப்பட்டி, பேரையூர், சேடபட்டி பக்கம் கரிசக்காட்டுல குதிரைவாலி போடுறவங்க பாதிப்பேரு களத்துல இருந்தே யாவாரிக்கு மூடையா எடை போட்டுக் குடுத்துர்றாங்க, அதே தானியம் உமி நீங்கி கவர்ல அடைச்சு மதுரை டவுன்ல ரேக்குல உக்காரும்போது விலை எங்கயோ போயிருது. நடுவுல இருக்கற அந்தக் காசுல கொஞ்சத்தையாவது விதைச்சு களையெடுத்து அறுத்த பொம்பளைங்க கைக்கு எப்படிக் கொண்டாறதுன்னு தான் இது. பத்துப் பன்னண்டு பேர் இருக்கற ஒரு குழுவ மனசுல வச்சு எழுதுறேன், தனியா பண்றவங்களும் எடுத்துக்கலாம்.

முதல்ல வெள்ளாமை. புரட்டாசி மழைய நம்பி விதைக்கற பயிர் இது, மழை விழுந்தும் தள்ளிப்போட்டுட்டே இருந்தீங்கன்னா குருத்து ஈ வந்து நடுக்குருத்தக் காயவச்சிரும், அதனால விதைய முன்னாடியே வாங்கி வீட்ல வச்சிருங்க. ஒத்தக்கடை யானைமலை அடிவாரத்துல இருக்கே வேளாண் கல்லூரி, 1965ல இருந்து இருக்கு, அங்க உருவாக்குன எம்டியு 1ங்கற ரகம் நூறு நாளுக்குள்ள வந்துரும். வரிசையா விதைச்சா ஏக்கருக்கு நாலு கிலோ போதும், கைவிதைப்புன்னா அஞ்சு. அங்கங்க ஒரு வரிசை துவரை விட்டுருங்க, குதிரைவாலி அறுத்தப்புறம் அது நின்னு தை மாசிக்கு மேல காய் குடுக்கும். உரத்துக்கு பைய எடுத்துட்டு கடைக்கு ஓட வேணாம், கோடையில ஆட்டுக்கிடை போட முடிஞ்சா அதுக்கு மிஞ்சினது இல்ல, இல்லாட்டி குப்பைய நல்லா மக்கவச்சு அடிங்க, விதையில அசோஸ்பைரில்லம்ங்கற நுண்ணுயிர் உரத்தக் கலந்துக்கங்க (வேளாண் விரிவாக்க மையத்துல கேளுங்க). பூச்சி மருந்துச் செலவு பெருசா வராது. ஆனா மயிலும் பன்னியும் வரும், அதுக்கு என்கிட்ட மந்திரம் ஒண்ணும் இல்ல, நாலஞ்சு காட்டுக்காரங்க பக்கத்துப் பக்கத்துல ஒரே பயிரப் போட்டு முறை வச்சுக் காவக் காத்தா சேதம் பிரிஞ்சு போகும், தனிக்காடா இருந்தா மொத்தமும் உங்க தலையில தான்.

அறுப்புக்கப்புறம் தான் முக்கியமான இடம், இத மட்டும் ரெண்டு தடவ படிங்க. நம்ம ஊர்ல கதிர ரோட்டுல பரப்பி வண்டி ஏறி இறங்கவிட்டு அடிக்கறது சுலபம்னு பழகிருச்சு. ரோட்டுல அடிச்ச தானியத்துல கடுகு சைஸுல கருங்கல்லுப் பொடி சேந்துரும், குதிரைவாலியும் கிட்டத்தட்ட அதே சைஸு, சொளகுல எத்தனை தடவ புடைச்சாலும் முழுசாப் போகாது. மில்லுல கல்லு பிரிக்கற மிஷின் இருந்தாலும் கொஞ்சம் தப்பிச்சு வரும். வாங்குன வீட்ல ஒரே ஒரு தடவ சோத்துல நறநறன்னு கடிபட்டா போதும், அந்தம்மா அடுத்த தடவ வாங்க மாட்டாங்க, பக்கத்து வீட்டுக்கும் சொல்லிருவாங்க. அதனால தார்ப்பாய் மேல தான் அடி, தார்ப்பாய் மேல தான் காயப்போடு, இதக் குழுவுல தீர்மானமாவே எழுதி வச்சிருங்க. நல்ல தார்ப்பாய் ரெண்டு பொதுவுல வாங்கிப் போட்டீங்கன்னா குழு வாங்குன முதல் சொத்து அதுவா இருக்கட்டும். பல்லுல கடிச்சா சட்டுனு ஒடையணும், அந்தக் காய்ச்சல் வந்ததும் சாக்குல கட்டி தரையில படாம கட்டை மேல அடுக்குங்க.

அடுத்தது மில்லு. எல்லாத்தையும் ஒரே நாள்ல அரைச்சு வச்சுராதீங்க. உமியோட இருக்கற வரைக்கும் தானியம் மாசக்கணக்கா கெடாம கிடக்கும், உமி நீக்கி தவிடோட இருக்கற அரிசி அப்படி இல்ல, தவிட்டுல எண்ணெய் இருக்கு, அது சிக்கு வாடை அடிச்சு கசக்க ஆரம்பிச்சிரும். தவிட்டையும் தீட்டி வெள்ளையாக்குனா கூட நாள் தாங்கும், ஆனா சத்துக்குன்னு தேடி வர்றவங்க அந்த தவிட்டுக்காகத் தான வர்றாங்க. அதனால ஆர்டருக்கு ஏத்தாப்புல ஒரு மூடை ரெண்டு மூடைன்னு அரைங்க. முதல் தடவ பத்து கிலோ மட்டும் கொண்டுபோய் அரிசி எவ்வளவு, நொய் எவ்வளவு, உமி எவ்வளவுன்னு தராசுல போட்டு நோட்டுல எழுதுங்க, மில்லுக்கு மில்லு இது மாறும், எந்த மில்லுன்னு அத வச்சு முடிவு பண்ணிக்கலாம்.

இப்ப கணக்கு. ரேட்டெல்லாம் உதாரணத்துக்குத் தான், உங்க ஊர் ரேட்டப் போட்டுப் பாத்துக்கங்க. நூறு கிலோ தானியம், யாவாரி குடுக்கற விலை கிலோ 30ன்னா 3000 ரூபா. சொந்தக் காட்டுல வெளஞ்சதுன்னு அத விட்டுறக்கூடாது, குழு அந்தக் காச உறுப்பினர் கையில குடுத்துத் தான் வாங்கணும். அரைக்கூலி 600, வண்டி 200, அரிசி 55 கிலோ வருதுன்னு வச்சா கிலோக் கவரும் லேபிளும் ஆறு ரூபான்னு 330. புடைச்சு, பொறுக்கி, எடைபோட்டு அடைக்க ரெண்டு பேருக்கு ஒரு நாள் சம்பளம் 700. இந்த 700 தான் முக்காவாசி குழுக்கள் எழுதறதே இல்ல, நம்ம வேலை தானன்னு விட்டுர்றாங்க, அப்புறம் லாபம்னு நினைச்சுப் பிரிச்சது அவங்க கூலியாவே இருக்கும். மொத்தம் 4830, கிலோவுக்கு 88 ரூபா அடக்கம். 110ன்னு நேரா வித்தா இந்த நூறு கிலோ மூடைக்கு 1220 மிச்சம். அதையே கடைக்காரர் 20 சதவீதம் கழிச்சு எடுத்தா கையில வர்றது 88, லாபம் சைபர்! கடையில வச்சாச்சுன்னு சந்தோஷப்படறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கப் போட்டுருங்க. அதுக்குத் தான் மொதல்ல நேரா வாங்கற ஆளப் புடிங்கன்னு சொல்றது, மாசம் ரெண்டு கிலோ வாங்கற முப்பது வீடு மதுரைக்குள்ள கிடைச்சாலே ஒரு மூடைக்கு மேல ஓடிரும், சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு 2021ல இருந்து டிக்கெட் இல்ல, கொண்டுபோய்க் குடுக்கற செலவும் கம்மி. நொய்ய வீசாதீங்க, கஞ்சிக்கும் உப்புமாவுக்கும் தனியா விக்கும்.

லைசென்ஸுன்னு பயப்பட ஒண்ணும் இல்ல. சின்ன அளவுல பண்றவங்களுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐங்கற உணவுப் பாதுகாப்புப் பதிவு வருஷத்துக்கு 100 ரூபா தான், உத்யம்ங்கற சிறுதொழில் பதிவு சுத்தமா இலவசம், ரெண்டுக்கும் ஆயிரக்கணக்குல கேக்கற ஆளு வந்தா வாசலோட அனுப்பிருங்க. கவர்ல எடை, விலை, பேக் பண்ண தேதி, விலாசம், பதிவு நம்பர் இருக்கணும்.

கடன், மிஷின் விஷயத்துல அவசரமே வேணாம். குழுவா இருந்தா 10 லட்சம் வரைக்கும் அடமானம் இல்லாம பேங்க் குடுக்கும், 2020ல வந்த பிஎம்எஃப்எம்இங்கற மத்திய அரசு திட்டத்துல உணவுப் பொருள் பண்ற குழு உறுப்பினருக்கு ஆளுக்கு 40,000 வரை விதை மூலதனமும் (தொழில் ஆரம்பிக்கற முதல்), மிஷினுக்கு 35 சதவீத மானியமும்னு வச்சாங்க, இப்ப என்ன நிலைமைன்னு மாவட்ட தொழில் மையத்துலயும் மகளிர் திட்ட ஆபீஸுலயும் நேர்ல போய்க் கேளுங்க. ஆனா மானியம் கிடைக்குதேன்னு மிஷின வாங்கிராதீங்க, வெளி மில்லுல ஒரு முழு வருஷம் அரைச்சு வித்துப் பாத்தப்புறம் யோசிங்க. துருப்புடிச்ச மிஷினுக்கும் தவணை தவணை தான்.

சேந்து நின்னா என்ன ஆகும்னு நம்ம அழகர்கோவில் பக்கத்து சின்னப்பிள்ளை அம்மாவப் பாருங்க, கூலி வேலைக்குப் போற பொம்பளைகளச் சேத்து களஞ்சியம்ங்கற சேமிப்புக் குழு நடத்துனவங்க, அவங்களுக்கு ஸ்திரீ சக்தி விருது குடுக்கறப்ப பிரதமர் வாஜ்பாய் காலத் தொட்டுக் கும்பிட்டாரு, 2019ல பத்மஸ்ரீயும் வந்துச்சு. அதுக்காக விருதுக்கு உழைங்கன்னு சொல்லல, கூலி பேசும்போதும் விலை பேசும்போதும் ஒத்தையா நிக்கறதுக்கும் பத்துப்பேரா நிக்கறதுக்கும் வித்தியாசம் இருக்குங்கறேன்.

குதிரைவாலி வருஷத்துக்கு ஒரு தடவ தான் காசு. இடையில வாராவாரம் கைச்செலவுக்கு வீட்டுப் பின்னாடி நாலு முருங்க, கத்திரி, அவரை, பத்து நாட்டுக்கோழி வேணும். உழவர் சந்தையே 1999ல முதமுதல்ல நம்ம மதுரை அண்ணா நகர்ல தான் ஆரம்பிச்சாங்க, விவசாயி அட்டை எடுத்தா தரகு இல்லாம உக்காந்து விக்கலாம். அட்டைக்கு நிலக் கணக்கு கேப்பாங்க, காடு வீட்டுக்காரர் பேர்லயோ மாமனார் பேர்லயோ கிடக்கும், கூட்டுப் பட்டாவா மாத்த முடியுமான்னு இப்பவே வீட்ல பேச்ச எடுங்க, சண்டை வந்தாலும் பரவால்ல.

வித்த காசு குழு கணக்குக்கே போகணும். உசிலம்பட்டிப் பக்கம் சீர், மொய்னு ஆவணி வந்தாலே கை காலியாயிரும், பொதுக்காச அதுக்குக் கைமாத்தா எடுக்க ஆரம்பிச்சா அடுத்த மூடை வாங்கக் காசு இருக்காது. மொய்க்கு வேணும்னா உள்கடனா நோட்டுல எழுதி வட்டியோட எடுங்க. ஜிபே கியூஆர் கோடும் குழு அக்கவுண்டுக்குத் தான் எடுக்கணும், மகன் நம்பர்லயோ வீட்டுக்காரர் நம்பர்லயோ வேணவே வேணாம். கவர்ல போடுற போன் நம்பர் காட்டு வேலைக்குப் போகாம வீட்ல இருக்கற உறுப்பினரோடதா பாத்துப் போடுங்க, ஆர்டரெல்லாம் காலையில பத்து பதினோரு மணிக்குத் தான் வரும், அந்நேரம் மத்தவங்க எல்லாம் களையெடுப்புல இருப்பீங்க.