பெங்களூரில் உங்கள் எம்.எல்.ஏ. பெறும் சம்பளம், படிக் கணக்கைக் கேட்டுப் பெறும் வழி

2025 மார்ச்சில் கர்நாடகச் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின்படி எம்.எல்.ஏ.க்களின் மாதச் சம்பளம் 40,000 ரூபாயிலிருந்து 80,000 ரூபாயாகவும், முதலமைச்சரின் சம்பளம் 75,000 ரூபாயிலிருந்து 1,50,000 ரூபாயாகவும் உயர்ந்தது. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் இதைப் பேசும் பெங்களூர்த் தமிழர்களான நம்மவர்கள், தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.க்களுக்கு 2017இல் அறிவிக்கப்பட்ட 1,05,000 ரூபாயோடு ஒப்பிட்டு, இங்கே குறைவுதான் என்று முடித்துவிடுகிறார்கள். அந்த ஒப்பீடு பிழையானது. தமிழ்நாட்டுத் தொகையில் படிகளும் அடங்கும். கர்நாடகத்தின் 80,000 வெறும் சம்பளம். தொகுதிப்படி, பயணப்படி, தொலைபேசிப்படி, கூட்ட நாள்களுக்கான தினப்படி ஆகியவை அதற்கு மேல் தனித்தனியே வருகின்றன. ஆகவே ஓர் உறுப்பினர் உண்மையில் எவ்வளவு பெற்றார் என்பதை அவருக்கு வழங்கப்பட்ட தொகைகளின் பதிவேட்டில்தான் பார்க்க முடியும்; அதைக் கேட்கும் உரிமையை 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் நமக்குத் தருகிறது.

மனுவை விதான சௌதாவில் உள்ள கர்நாடகச் சட்டமன்றச் செயலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும். மேலவை உறுப்பினர் என்றால் மேலவைச் செயலகத்துக்கு எழுதுங்கள். தவறான அலுவலகத்துக்கு எழுதிவிட்டாலும் அச்சட்டத்தின் 6(3) பிரிவின்படி ஐந்து நாள்களுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். கட்டணம் 10 ரூபாய். போஸ்டல் ஆர்டராக இணைத்து, அதன் எண்ணை மனுவிலும் குறிப்பிடுங்கள்.

மொழிதான் நம்மவர்கள் பலர் தயங்கி நிற்கும் இடம். சட்டப்படி மனு ஆங்கிலத்திலோ, இந்தியிலோ, அந்தப் பகுதியின் ஆட்சி மொழியிலோ இருக்க வேண்டும் என்பதால், இங்கே தமிழில் எழுதினால் ஏற்க மாட்டார்கள். கன்னடத்தில் பேச வருமே, எழுத வராதே என்பவர்கள் நேரில் சென்று வாய்மொழியாகச் சொல்லலாம். அதை எழுத்தில் வடிக்க உதவுவது அலுவலரின் கடமை என்று 6(1) பிரிவு சொல்கிறது. இதைக் கேட்டுப் பெறுவதில் கூச்சம் வேண்டாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற காரணத்தையும் நீங்கள் சொல்லத் தேவையில்லை.

கேள்வியை அமைப்பதில்தான் முழுக் கவனமும் வேண்டும். கர்நாடக விதிகளின்படி ஒரு மனு ஒரே பொருளைப் பற்றியதாகவும், பொதுவாக 150 சொற்களுக்குள்ளும் இருக்க வேண்டும். “ஏன் இவ்வளவு கொடுத்தீர்கள்” என்ற கேள்விக்குப் பதில் வராது, ஏனெனில் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைத்தான் சட்டம் தரச் சொல்கிறது. இப்படிக் கேளுங்கள்: “1.4.2024 முதல் 31.3.2025 வரை இன்ன தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கு வழங்கப்பட்ட சம்பளம் மற்றும் ஒவ்வொரு படியின் தொகையையும் மாதவாரியாகக் காட்டும் பதிவேட்டின் நகலும், அதே காலத்தில் அவர் அளித்த பயணப்படிப் பட்டியல்களின் நகலும் தருக.” வங்கிக் கணக்கு எண், வீட்டு முகவரி, நோயின் விவரம் ஆகியவற்றைக் கேட்காதீர்கள், அவை தனிப்பட்டவை என்று மறுக்கப்படுவதோடு, நமக்கு அவற்றால் பயனும் இல்லை. மருத்துவச் செலவுக்குத் திருப்பித் தரப்பட்ட மொத்தத் தொகை போதும்.

தொகுதி மேம்பாட்டு நிதியை இந்த மனுவில் சேர்க்க வேண்டாம். அது உறுப்பினரின் கைக்கு வரும் பணம் அன்று. அவர் பரிந்துரைக்கும் பணிகளுக்கு மாவட்ட நிர்வாகத்தின் வழியாகச் செலவிடப்படுவது. அதற்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தனி மனு கொடுங்கள்.

முப்பது நாள்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ மறுக்கப்பட்டாலோ, அடுத்த முப்பது நாள்களுக்குள் அதே செயலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடமும், அங்கும் கிடைக்காவிட்டால் தொண்ணூறு நாள்களுக்குள் கர்நாடகத் தகவல் ஆணையத்திடமும் முறையிடலாம். தனிப்பட்ட தகவல் என்று சொல்லி மறுத்திருந்தால், அரசுப் பணத்தின் செலவு பொதுநலன் சார்ந்தது என்பதை 8(2) பிரிவைச் சுட்டி முறையீட்டில் எழுதுங்கள். மனுவின் நகலையும் ஸ்பீடு போஸ்ட் ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள். முறையீட்டோடு இணைக்க அவை தேவைப்படும்.