ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தடுப்பூசி போடலாமா?

போடலாம். குன்னூரில் 1907லிருந்தே பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கிறது, தடுப்பூசி தயாரிக்கிற மலைதான் இது, ஆனாலும் ஃப்ளூ ஊசி என்றதும் முந்தின நாளே அசிட்ரோமையோ வார்ஃபரினையோ தாமாகவே நிறுத்திவிட்டு வருகிறவர்கள் இங்கேயும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஊசியால் வரக்கூடியது பெரும்பாலும் கையில் ஒரு ரத்தக்கட்டு, மாத்திரையை விட்டால் வரக்கூடியதோ மூளையிலோ நுரையீரலிலோ அடைப்பு, அதிலும் செயற்கை வால்வு வைத்தவர்களுக்கு வால்வே அடைத்துக்கொள்ளலாம்.

போவதற்கு முன் கடைசி ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் பரிசோதனை) சீட்டைப் பாருங்கள். உங்களுக்கு டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் போயிருந்தால் அவரிடம் கேட்டுவிட்டு அப்புறம் போடலாம். ஊசி போடுபவரிடம் மாத்திரை விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள், மெல்லிய ஊசியாக, 23 அல்லது 25 கேஜில் போடுவார்கள். போட்டதும் பஞ்சை வைத்து இரண்டு நிமிடமாவது நன்றாக அழுத்திப் பிடிக்க வேண்டும், தேய்க்கக் கூடாது (எங்கள் வீட்டில் அம்மாவுக்குத் தேய்த்துவிட்டது நான்தான், ஒரு வாரம் கை நீலமாக இருந்தது).

இன்னொன்று, ஊட்டிக் குளிரில் ஸ்வெட்டரைக் கழற்றவே மாட்டோம், உள்ளே கை வீங்குவதே தெரியாது. ராத்திரி ஒருமுறை கழற்றிப் பாருங்கள், வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். காய்ச்சல், வலிக்குப் பாராசிட்டமால் போதும், புரூஃபன், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகள் பக்கம் போகவே வேண்டாம்.