இரண்டாம் பாகம் எடுக்கும் தம்பிமார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டுக்குப் போன கிழமை இரண்டு தம்பிமார் கொப்பியோடு வந்தார்கள். டச் பே கடற்கரையில் பன்னிரண்டு நிமிடச் சண்டைப் படம் எடுத்த பிள்ளைகள். இப்போது இரண்டாம் பாகம் எழுதுகிறார்கள். முதல் படத்தில் ஒரு மோட்டார் சைக்கிள், மூன்று அடியாட்கள். கொப்பியில் ஒன்பது மோட்டார் சைக்கிள், ஒரு படகு, இருபது பேர். ஆனால் முதல் படத்தில் கதாநாயகனின் தோளில் விழுந்த வெட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"அது ஆறிட்டுது அண்ணா" என்றான் சின்னவன்.

இதைவிடப் பெரிய பிழை இரண்டாம் பாகத்தில் இல்லை. 1984இல் வந்த டெர்மினேட்டரில் சாரா கொனர் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் சாதாரணப் பெண். 1991இல் வந்த இரண்டாம் பாகத்தில் மனநோய் வைத்தியசாலையில் கட்டிலை நிமிர்த்திவைத்து, அதில் தொங்கி உடம்பை முறுக்கேற்றுகிறாள். தப்பி ஓடும்போது லிப்ட் கதவு திறக்கிறது. முன்பு தன்னைக் கொல்ல வந்த அதே முகம் வெளியே வருகிறது. இம்முறை காப்பாற்ற வந்த இயந்திரம் அது. பார்க்கிற எங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. கால் வழுக்கி விழுந்து, தரையில் பின்னுக்கு இழுபடுகிறாள். அந்தச் சில நொடிக்குள் முதல் படம் முழுவதும் இருக்கிறது. எத்தனை லொறி கவிழ்ந்தாலும் எனக்கு அந்தக் காட்சிதான் படம். ஆகவே, முதல் பக்கம் எழுதமுன், போன கதைக்குப் பிறகு உங்கள் ஆளால் என்ன செய்ய முடியாமல் போனது என்று எழுதுங்கள். தோளில் வெட்டு விழுந்தவன் சேட்டைக் கழற்றும்போது கை எவ்வளவு உயரும்?

அடுத்தது, வில்லனைப் பெருப்பிப்பது. 2010இல் வந்த சிங்கத்தில் சண்டை தொடங்குவது ஒரு கையெழுத்தில். பிணையில் வந்தவன் நல்லூர் பொலிஸ் நிலையத்துக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சின்ன அவமானம் எங்களுக்கு உடனே விளங்கியது. பிந்திய பாகங்களில் வில்லன் கடல் கடந்தவனாகிவிட்டான். எனக்கு அந்தக் கையெழுத்தளவு கோபம் வரவில்லை.

இந்தியனில் (1996) லஞ்சம் கொடுக்க மறுத்து மகளைப் பறிகொடுத்த தகப்பன், லஞ்சம் வாங்கிய மகனைத் தன் கையாலேயே கொல்கிறார். அந்த மனிதர் இத்தனை வருடமும் எப்படி இருந்தார் என்று பார்க்கத்தான் 2024இல் இரண்டாம் பாகத்துக்குக் காத்திருந்தேன். அதற்குப் போதிய இடம் கிடைக்கவில்லை. போதாததற்கு, மூன்றாம் பாகத்தின் முன்னோட்டத்தோடு படம் முடிந்தது. கேள்வியோடு முடிப்பது பிழையில்லை. 2015இல் பாகுபலியும் கட்டப்பா பாகுபலியை ஏன் கொன்றான் என்ற கேள்வியோடுதான் முடிந்தது. 2017இல் அதற்கு நேரான பதில் வந்தது. உங்கள் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அதை எழுதாதீர்கள்.

கடைசியாக, இடம். ஆட்கள் கூடக்கூட யார் எங்கே நிற்கிறார்கள் என்பது தெரியாமல் போகும். டச் பேயில் கோட்டைப் பக்கம் ஓடுகிறவனுக்குக் கடல் வலக்கைப் பக்கம். கமராவை வீதிப் பக்கம் வைத்து எடுத்துவிட்டு அடுத்த ஷொட்டைக் கடல் பக்கம் போய் எடுத்தால், அவன் திரும்பி ஓடிவருவதுபோல் தெரியும். மணலில் ஒரு கயிற்றைப் போட்டு, அன்று முழுக்க அதற்கு இப்பால் நின்றே எடுங்கள்.