வேன் டிக்கிக்கு ஷாக் வாங்கும்முன் கதவை எடை போடுங்கள்

விடியற்காலை நாலு மணிக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அப்பா மூட்டை ஏற்றுவார். வேனின் டிக்கி கதவு மேலே நிற்காமல் இறங்க ஆரம்பித்ததும், ஒரு மூங்கில் கம்பை முட்டுக் கொடுத்துச் சமாளித்துவந்தார். ஒருநாள் மூட்டை இடித்துக் கம்பு நழுவி, கதவு அவர் தோளில் விழுந்தது. அன்றைக்குத்தான் கதவைத் தூக்கி நிறுத்தும் இந்த ஷாக்கைப் பற்றி ஒழுங்காகத் தெரிந்துகொள்ள உட்கார்ந்தேன்.

கடையில் டிக்கி ஷாக் என்று கேட்டால் புரியும். சக்கரத்தில் இருக்கும் ஷாக் அப்சார்பர் வேறு. இதன் உருளைக்குள் இருப்பது அழுத்தி அடைத்த நைட்ரஜனும் கொஞ்சம் எண்ணெயும்தான். உருளைக்குள் போய்வரும் ராடை, அதாவது கம்பியை, வாயு வெளியே தள்ளும். எண்ணெய் அந்த வேகத்தைக் குறைக்கும், ராடைச் சுற்றி வாயுவை அடைத்திருக்கும் சீல் காயாமலும் பார்த்துக்கொள்ளும். சீல் தேய்ந்து வாயு கசிந்தால் மாற்றுவதுதான் வழி.

1. போனது ஷாக்தானா என்று பாருங்கள்

ராடில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சந்தேகமே வேண்டாம். இல்லாவிட்டால் காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது கதவைத் திறந்து பாருங்கள். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஷாக்கின் தள்ளுவிசை ஏறக்குறைய 3.5 சதவீதம் குறையும். மதிய வெயிலில் ஜம்மென்று நிற்கிற கதவு விடியற்காலையில் இறங்குவது இதனால்தான். கீல் துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

2. பழையதில் உள்ள எண்ணைப் படியுங்கள்

உருளையைத் துடைத்தால் 380N, 450N என்பதுபோல ஓர் எண் தெரியும். N என்றால் நியூட்டன், அதாவது தள்ளுவிசை. சுமார் 10 நியூட்டன் என்பது ஒரு கிலோவைத் தாங்கும் விசை. கதவில் நீங்கள் எதையும் கூடுதலாக மாட்டவில்லை என்றால், வண்டியின் மாடலையும் வருடத்தையும் சொல்லி அதே எண்ணில் ஒரு ஜோடி வாங்குங்கள். அடுத்த படி உங்களுக்குத் தேவையில்லை.

3. கதவில் எடை கூடியிருந்தால்

எங்கள் கதை இதுதான். கூடை இடித்துக் கதவு நசுங்காமலிருக்க உள்பக்கம் தகடு அடித்திருந்தோம். பழைய எண்ணிலேயே வாங்கிய ஷாக் நாலு மாதத்தில் தளர்ந்தது. அடுத்து ஒரு கடையில், இருப்பதிலேயே பலமானது என்று ஒன்றைக் கொடுத்தார்கள். கதவு துள்ளித் திறந்தது, மூட இரண்டு கை வேண்டியிருந்தது, கொஞ்ச நாளில் கீல் போல்ட்டும் ஆட ஆரம்பித்தது. விசை குறைந்தால் மட்டுமல்ல, கூடினாலும் கெடுதல்தான்.

சரி, எடை போடுவோம். உடம்பு எடை பார்க்கும் மெஷின், ஒரு கம்பு, இன்ச் டேப், கூடவே ஓர் ஆள் வேண்டும். ஆள் கதவைப் பிடித்திருக்க, இரண்டு ஷாக்கையும் கழற்றிவிடுங்கள். கதவைத் தரைக்கு இணையாக நிறுத்தி, கைப்பிடி ஓரத்துக்குக் கீழே கம்பைச் செங்குத்தாக மெஷின்மேல் வையுங்கள். எங்களுக்குக் கம்பின் எடை போக 14 கிலோ காட்டியது. கீலிலிருந்து கம்பு வரை 100 செ.மீ. இரண்டையும் பெருக்கினால் 1400.

இப்போது, கதவை அப்படியே வைத்து, ஷாக்கின் இரு முனைகளும் மாட்டும் உருண்டைத் தலைகளுக்கு, அதாவது குண்டுகளுக்கு நடுவே ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். கீலின் மையத்திலிருந்து அந்த நூலுக்கு உள்ள மிகக் குறைந்த தூரத்தை அளந்துகொள்ளுங்கள். எங்களுக்கு 15 செ.மீ. 1400-ஐ 15-ஆல் வகுத்தால் 93 கிலோ, இரண்டு ஷாக்குக்கும் பிரித்தால் ஆளுக்கு 46.7 கிலோ. அதை 9.8-ஆல் பெருக்கினால் சுமார் 457 நியூட்டன். தேய்மானத்துக்கும் குளிருக்கும் 10 சதவீதம் சேர்த்து 500N வாங்கினோம். நூல் அளவில் அவசரப்படாதீர்கள். அதில் 2 செ.மீ. பிசகினால் விடை 50 நியூட்டனுக்கு மேல் மாறிவிடும்.

4. நீளம்

முழுதும் விரிந்த ஷாக்கை ஒரு முனையில் குண்டு பொருந்தும் குழியின் மையத்திலிருந்து மறுமுனைக் குழியின் மையம் வரை அளக்க வேண்டும். புதியது சில மில்லிமீட்டருக்கு மேல் வேறுபடக் கூடாது. நீளம் அதிகமானால் கதவு கூரையில் இடிக்கும். மடங்கிய நீளத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கதவு மூடியிருக்கும்போது குண்டுகளுக்கு இடையே உள்ள தூரத்தைவிட அது குறைவாக இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் கதவு மூடாது, பலமாக அடித்து மூடினால் ராடு வளையும்.

முனைகளையும் கவனியுங்கள். பெரும்பாலும் 10 மி.மீ. குண்டுதான் இருக்கும், ஆனால் 8, 13 மி.மீ. குண்டுகளும் உண்டு. பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

5. மாட்டுவது

முனையில் உள்ள கம்பிக் கிளிப்பைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் லேசாக நெம்பினால் போதும், குழி குண்டிலிருந்து கழன்று வரும். கதவு மூடியிருக்கும்போது ராடு கீழ்ப்பக்கம் இருக்கும்படி புதியதை மாட்டுங்கள். அப்போதுதான் எண்ணெய் சீல்மேல் தேங்கி நிற்கும். பளபளக்கும் ராடைக் குறடால் பிடிக்கவே கூடாது. ஒரு கீறல் விழுந்தாலும் அது சீலை அறுத்துவிடும். ஒன்று மட்டும் பழுது என்றாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் பலமும் மறுபக்கம் தளர்வுமாக இருந்தால் கதவு முறுக்கிக்கொள்ளும்.

கழற்றிய ஷாக்கை வெட்டவோ நெருப்பில் போடவோ வேண்டாம். செத்துப்போனது போலத் தெரிந்தாலும் உள்ளே அழுத்தம் மிச்சமிருக்கும். பழைய இரும்புக் கடையில் போடும்போது, உள்ளே வாயு இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.