முட்டை வண்டி மோதல் போட்டி: வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முட்டையைப் பயணியாக உட்காரவைத்து, அட்டையும் ஐஸ் குச்சியும் கொண்டு வண்டி செய்து, சாய்தளத்தில் உருட்டிச் சுவரில் மோதவிடுவது பத்தாம் வகுப்பு இயக்க விதிகளுக்கு அருமையான செய்முறை. ஆனால் போட்டி விதிகள் தளர்வாக இருந்தால் முட்டை பிழைத்துவிடும். ஏன் பிழைத்தது என்று ஒரு மாணவருக்கும் சொல்லத் தெரியாது.

பெரும்பாலும் கெடுப்பது பஞ்சுதான். தடுக்காவிட்டால் எல்லாக் குழுவும் முட்டையைப் பஞ்சால் சுற்றிப் பொட்டலம் கட்டிவிடும். முட்டையின் பாதி வெளியே தெரிய வேண்டும், 30 நொடிக்குள் ஏற்றி இறக்க முடிய வேண்டும், முட்டை நீங்கலாக வண்டி 250 கிராமைத் தாண்டக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். எடை வரம்புக்குக் காரணம் உண்டு. அடிவாரத்தில் வண்டியின் வேகத்தைத் தீர்மானிப்பது உயரம். உராய்வு குறைவாக இருந்தால் கனமான வண்டியும் லேசான வண்டியும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வரும். கனமானதற்கு இயக்க ஆற்றல் மட்டும் அதிகம். அது முழுவதையும் முன்பக்கம் நசுங்கித்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, கெட்டியான வண்டிதான் பாதுகாப்பு என்ற நம்பிக்கை. இதைக் கணக்குப் போட்டுக் காட்டுவதே நல்லது. 50 செ.மீ. உயரத்திலிருந்து இறங்கும் வண்டி நொடிக்குச் சுமார் 3 மீட்டர் வேகத்தில் மோதும். 55 கிராம் முட்டை 2 மி.மீ. தூரத்துக்குள் நின்றால் அதன் மேல் விழும் சராசரி விசை சுமார் 124 நியூட்டன். அதே முட்டை 2 செ.மீ. தூரம் எடுத்து நின்றால் 12 நியூட்டன்தான். பயணி அறை கெட்டியாகவும் முன்னும் பின்னும் நசுங்குவதாகவும் இருக்கும் இந்த அமைப்பு, மெர்சிடிஸ் பென்ஸ் பொறியாளர் பேலா பாரெனியின் யோசனை; 1959-இல் அந்நிறுவனத்தின் டபிள்யூ 111 கார்களில் வந்தது. வகுப்பில் இதற்கு 5 செ.மீ. நீளக் காகிதக் குழாய்கள் இரண்டு போதும். குழாயின் முன் விளிம்பருகே விரலால் லேசாக ஒரு மடிப்பு வைத்துவிடுங்கள்; அங்கே தொடங்கி மடிப்பு மடிப்பாக நசுங்கும். மடிப்பு இல்லாவிட்டால் விறைத்து நின்று, முதல் கணத்திலேயே பெரிய விசையை உள்ளே அனுப்பிவிட்டு, பிறகு பக்கவாட்டில் முறியும்.

சில குழுக்கள் பலூனையோ ரப்பர் பேண்டையோ முன்னால் கட்டிவரும். பார்க்க மென்மையாகத் தெரிந்தாலும் வண்டி துள்ளித் திரும்பும். 3 மீட்டர் வேகத்தில் வந்து 2 மீட்டர் வேகத்தில் திரும்பினால் திசைவேக மாற்றம் 5. வெறுமனே நின்றிருந்தால் 3 மட்டுமே. மோதும் நேரம் அதே அளவாக இருந்தால் விசையும் அந்த விகிதத்தில் கூடும். உந்தம் (நிறை × திசைவேகம்) திசை உள்ள அளவு என்பதைப் புரியவைக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. ஆகவே பலூன் வண்டியைத் தடை செய்யாதீர்கள், ஓடவிட்டுக் காட்டுங்கள்.

சீட் பெல்ட்டை மறப்பவர்கள் ஏராளம். வண்டி நின்ற பிறகும் முட்டை நிலைமத்தால் அதே வேகத்தில் போய் உட்சுவரில் மோதும். முன்பக்கம் எவ்வளவு நசுங்கியும் பயனில்லை. தளர்ந்த பெல்ட்டும் அப்படித்தான். நூலால் கட்டினால் அது முட்டை ஓட்டையே கீறிவிடும், 2 செ.மீ. அகலத் துணிப்பட்டை சரியாக இருக்கும்.

ஏற்பாட்டுப் பிழைகளையும் கவனியுங்கள். சாய்தளம் தரையைத் தொடும் மூலையில் வண்டியின் மூக்கு இடித்து வேகம் போய்விடும். அங்கே வளைந்த அட்டை ஒட்டுங்கள். தடுப்புக்குச் செங்கல் வைத்தால் அது நகராதபடி சுவரோடு சேர்த்து வையுங்கள். முட்டையை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் இறுக்கமாக இட்டால் சிதறாது. பச்சை முட்டையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

உடைந்ததா இல்லையா என்பதை மட்டும் வைத்து மதிப்பெண் போடாதீர்கள், ஓட்டின் வலு முட்டைக்கு முட்டை மாறும். நசுங்கிய நீளத்தை ஸ்கேலால் அளக்கச் சொல்லுங்கள். போனில் படம் எடுப்பதாக இருந்தால் நொடிக்கு 240 படம் வேண்டும். 3 செ.மீ. நசுங்கும் மோதல் சுமார் 20 மில்லிநொடியில் முடிந்துவிடும். சாதாரண 30 படப் பதிவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 33 மில்லிநொடி போய்விடும். 240-இல் நான்கைந்து படங்களாவது கிடைக்கும், குழாய் மடிவதை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாம்.