ட்ரூபலில் எந்தப் பெட்டி எங்கே? பிளாக் லேஅவுட் செய்முறை

இணையதளம் அமைக்க உதவும் மென்பொருளான ட்ரூபல் 10ஐ நிறுவி, நாலைந்து பக்கங்களும் எழுதிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இனி தேடல், அறிவிப்பு, முகவரி எல்லாம் எங்கெங்கே வரவேண்டும் என்பதுதான் கேள்வி. ஒரு சிறு நூலகத்துக்குத் தளம் அமைத்தபோது நான் செய்ததையே எழுதுகிறேன். தீம், அதாவது தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தொகுப்பு, ட்ரூபலுடன் கூடவே வரும் ஒலிவெரோதான். புதியவர்கள் வேறு தீம் தேடி அலைய வேண்டாம்.

1. முதலில் காகிதம். பக்கத்தை வரைந்து, ஒவ்வொரு பெட்டியும் (ட்ரூபலில் இதன் பெயர் பிளாக்) எந்தெந்தப் பக்கங்களில் வேண்டும் என்று அதனருகிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் வரும் விஷயம் என்றால் அதை அந்தப் பக்கத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள். அதற்குப் பிளாக் தேவையில்லை.

2. நிர்வாக மெனுவில் ஸ்ட்ரக்சர், அதற்குள் பிளாக் லேஅவுட். மேலே தீம்களின் பெயரில் தாவல்கள் இருக்கும். ஒலிவெரோவில்தான் நிற்கிறீர்களா என்று பாருங்கள். பிளாக் வைக்கும் பகுதிகள் (ரீஜன்ஸ்) தீமுக்குத் தீம் மாறும். நிர்வாகப் பக்கங்களுக்கான கிளாரோ தாவலில் பிளாக் வைத்தால் வாசகர் கண்ணில் அது படவே படாது. அங்கேயே 'டெமான்ஸ்ட்ரேட் பிளாக் ரீஜன்ஸ்' என்ற இணைப்பு உண்டு. அதை அழுத்தினால் ஹெடர், கன்டென்ட் அபவ், சைட்பார், ஃபுட்டர் டாப் என்று ஒவ்வொரு பகுதியும் தன் இடத்திலேயே பெயரோடு தெரியும்.

3. பிளாக்கை உருவாக்கி வைத்தல். 'நூலக நேரம்' என்று ஒரு கன்டென்ட் பிளாக் எழுதிச் சேமியுங்கள். பிறகு சைட்பாருக்கு நேரே உள்ள 'பிளேஸ் பிளாக்'கை அழுத்தி அதைத் தேர்ந்தெடுங்கள். 'மெயின் பேஜ் கன்டென்ட்' என்ற பிளாக்கை மட்டும் இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள். கட்டுரையின் உடலே அதுதான்.

4. எந்தப் பக்கங்களில் தெரிய வேண்டும்? இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள், நிதானமாகப் படியுங்கள். பிளாக்கின் அமைப்பில் 'பேஜஸ்' என்ற கட்டத்தில் வரிக்கு ஒரு முகவரி எழுத வேண்டும். ஒவ்வொன்றும் சாய்கோட்டில் தொடங்க வேண்டும். /செய்திகள்/* என்று எழுதினால் செய்திகளுக்குக் கீழே உள்ள பக்கங்கள் மட்டுமே சேரும். /செய்திகள் என்ற பக்கம் சேராது, அதைத் தனி வரியில் எழுத வேண்டும்.

அடுத்தது இன்னும் நுட்பமானது. பேஜஸ், கன்டென்ட் டைப் (உள்ளடக்க வகை), ரோல்ஸ் (பயனரின் பொறுப்பு) என்று ஒன்றுக்கு மேல் நிரப்பினால் அத்தனை நிபந்தனைகளும் ஒருசேரப் பொருந்தினால்தான் பிளாக் தெரியும். முகப்புக்கும் வேண்டும், கட்டுரைகளுக்கும் வேண்டும் என்று நினைத்து, பேஜஸில் முகப்பையும் கன்டென்ட் டைப்பில் 'ஆர்ட்டிகிள்' என்பதையும் குறித்தால் இரண்டு இடத்திலும் வராது. முகப்பு ஒரு பட்டியல் பக்கம், ஆர்ட்டிகிள் அல்ல. கட்டுரையோ முகப்பு அல்ல. இதற்கு எளிய வழி, பிளாக்கை இரண்டு முறை வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை கொடுப்பதுதான். ட்ரூபல் 8 முதல் ஒரே பிளாக்கை எத்தனை முறை வேண்டுமானாலும் வைக்கலாம்.

5. வரிசை. இழுத்து மேலும் கீழும் மாற்றிய பின் அடியில் உள்ள 'சேவ் பிளாக்ஸ்' பொத்தானை அழுத்துங்கள். அழுத்தாமல் வெளியேறினால் மாற்றம் போய்விடும்.

பக்கம் அடுக்க ட்ரூபலில் உள்ள இன்னொரு கருவியான லேஅவுட் பில்டர் பற்றி: 2019இல் 8.7 பதிப்போடு அது முழுமை பெற்றது. நல்ல கருவிதான். ஆனால் அது கட்டுரையின் உள்ளே அடுக்குவதற்கு. தளத்தின் வெளிச்சட்டத்துக்குப் பிளாக் லேஅவுட்தான் என் தேர்வு. இரண்டையும் ஒரே நாளில் கற்க வேண்டாம்.

பின்சேர்க்கை: சிலர் இப்படிச் சொல்லக்கூடும்: "அறிவிப்பைச் சைட்பாரில் வைத்தேன், போனில் யாருமே பார்க்கவில்லை." பார்க்க முடியாது. அகன்ற திரையில் பக்கவாட்டில் நிற்கும் சைட்பார், போனில் முழுக் கட்டுரைக்கும் கீழே போய்விடும். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் பயன்படுத்துவோருக்கும் அதே வரிசைதான், கட்டுரை முடிந்த பிறகே சைட்பார் வரும். 2019இல் மறைந்த ரேச்சல் ஒலிவெரோ பார்வையற்றவர், மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்த வழிசெய்யும் அணுகல்தன்மைக்காக உழைத்தவர். அவர் நினைவாகப் பெயரிடப்பட்ட இந்தத் தீமில் இடம் பிரிக்கும்போது, எது முதலில் காதில் விழ வேண்டும் என்று யோசித்தே வையுங்கள். 'நாளை நூலகம் விடுமுறை' என்ற வரிக்கு உரிய இடம் கன்டென்ட் அபவ். நூலக நேரம் சைட்பாரிலேயே இருக்கலாம்.

இன்னொன்று: தீமின் தகவல் கோப்பில் புதுப் பகுதி ஒன்றைச் சேர்த்தவர்கள், பக்கத்தின் ட்விக் வார்ப்புருவிலும் (பக்கத்தின் அமைப்பை எழுதும் கோப்பு) அதே பெயரை அச்சிடச் சொல்ல வேண்டும். அதன்பின் பழைய தற்காலிகச் சேமிப்பை நீக்க, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் 'கிளியர் ஆல் கேஷஸ்' அழுத்துங்கள்.